மோர்டென்ஸ்ருட்டுக்கு முதலில் வந்தது யார்

ஒஸ்லோவின் மூன்றாம் இலக்க நிலக்கீழ் ரயில் களைத்துப்போய் நிற்கும் இடம் மோர்டென்ஸ்ருட். அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. நகரத்தின் மற்றப் பகுதிகளில் இருப்பவர்கள் வேலை முடிந்து வரும்போது ரயிலில் ஒரு கண்ணைத் திறந்துகொண்டுதான் நித்திரைகொள்ள வேண்டும். நாங்கள் இரண்டையும் மூடலாம். கடைசித் தரிப்பில் யாராவது தோளில் தட்டி எழுப்பிவிடுவார்கள். என்னை எழுப்பியவர்களில் சோமாலியர், பாகிஸ்தானியர், நோர்வேஜியர், ஒருமுறை ஒரு நாய் என்று எல்லோரும் உண்டு. நாயின் சொந்தக்காரர் மன்னிப்புக் கேட்டார். நான் நன்றி சொன்னேன்.

பெயரின் பொருள் எளியது. நோர்வேயில் "ருட்" என்று முடியும் இடங்களெல்லாம் யாரோ ஒருவர் காடு வெட்டித் திருத்திய நிலங்கள். எங்களுடையதைத் திருத்தியவர் மோர்டென் என்ற ஒருவர். அவர் யார், எந்த ஆண்டில் கோடரியை எடுத்தார் என்று நூலகத்தில் பல சனிக்கிழமைகள் தேடியிருக்கிறேன். பண்ணையின் பெயர் பழைய பதிவுகளில் இருக்கிறது; அந்த மனிதரைப் பற்றி ஒரு வரியும் எனக்கு அகப்படவில்லை. முதலில் வந்தவர் யார் என்ற கேள்விக்கு இந்த இடத்தில் தொடக்கத்திலிருந்தே ஒழுங்கான பதில் கிடையாது என்று அப்போது குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன்.

நான் முதன்முதலாகப் பார்த்தபோது மலைச்சரிவின் ஒரு பாதியில் வீடுகள் இருந்தன, மறுபாதியை வெடிவைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சங்கு ஊதும். பிறகு காலுக்கடியில் ஒரு குத்து. குசினி மேசை லாச்சிக்குள் கரண்டிகள் கிலுங்கும். உடைக்க முடியாத பாறைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். எங்கள் சிறுவர் விளையாட்டிடத்தில் லொறி அளவில் ஒன்று கிடக்கிறது. அதன் மேல் ஏறி விழுந்து கை முறிக்காத பிள்ளை இங்கே குறைவு. 2002இல் வந்த தேவாலயத்திலும் பாறையை அகற்றவில்லை. அதைச் சுற்றித் தளத்தைப் போட்டார்கள். பைன் மரங்களுக்கு நடுவே கண்ணாடியும் சாந்து பூசாமல் அடுக்கிய கல்லுமாக நிற்கும் அந்தக் கட்டடத்துக்குள் போனால், உட்காரும் வரிசைகளுக்கு இடையில் பாறை முதுகு காட்டிப் படுத்திருக்கும். வெளிநாட்டிலிருந்து கட்டடக்கலை மாணவர்கள் படம் எடுக்க வருவார்கள். வழி கேட்பார்கள். எங்கள் ஊரில் அதிகம் கேட்கப்படும் இரண்டாவது கேள்வி அது. முதலாவது, கழிப்பறை எங்கே.

இங்கே காலத்தை நான் ரயிலுக்கு முன், ரயிலுக்குப் பின் என்று பிரிப்பேன். ரயில் வந்தது 1997 நவம்பரில். அதற்கு முன் இருந்தது பஸ். நேரே போனால் கால்மணி நேரத்தில் முடியும் பயணத்தை அது ஒவ்வொரு மேட்டையும் நலம் விசாரித்துக்கொண்டு போய் முடிக்கும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பியோர்ண்டாலுக்கு இன்றைக்கும் ரயில் இல்லை. அங்கே இருக்கும் எங்கள் ஆட்களோடு கதைக்கும்போது, கதை எங்கே தொடங்கினாலும், நாங்கள் கொஞ்ச நேரத்தில் ரயிலைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவோம். "நீங்கள் ரெயில் எண்டுறியள், நாங்கள் வாசலிலை பஸ் ஏறுறம்" என்பார்கள் அவர்கள். கிட்டத்தட்ட முப்பது வருடமாக இந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது.

மற்றபடி மோர்டென்ஸ்ருட் பெரிய சம்பவங்கள் இல்லாத இடம். மரப்பலகை போர்த்திய வரிசை வீடுகள், படிப்படியாக மேலேறும் நான்கு மாடிக் கட்டடங்கள், ஒரு கடைத்தொகுதி, பின்பக்கம் காடு. பனி விழுந்தால் ரயிலில் சறுக்குக் கட்டைகளோடு மேற்கு ஒஸ்லோ ஆட்கள் வந்து இறங்குவார்கள். எங்கள் பிள்ளைகளும் சறுக்கப் போவார்கள். மற்றவர்களின் பையில் தோடம்பழமும் சொக்கலேற்றும் இருக்கும். எங்களுடைய பையில் மீன்கறி அடைத்துச் சுட்ட மீன் பணிஸ் இருக்கும். உறைந்த மீன் பணிஸைக் கடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் பாறையை ஏன் உடைக்காமல் விட்டார்கள் என்பது விளங்கும்.

இந்த விவரங்களை எல்லாம் நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட கொப்பிகளில், வருடத்துக்கு ஒன்றாக, எழுதிவந்திருக்கிறேன். முதல் பனி, கடைசிப் பனி, பஸ் தரிப்பு நகர்ந்த நாள், கடைத்தொகுதியில் எந்தக் கடை மூடி எது வந்தது. இதைக் கேள்விப்பட்டுத்தான் எங்கள் வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவி போன வருடம் என்னிடம் வந்தார். தாதியாக வேலைசெய்யும் நோர்வேஜியப் பெண், சுறுசுறுப்பானவர். சங்கத்தின் ஆண்டுநிறைவுக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள்; இங்குள்ள தமிழர்களைப் பற்றி இரண்டு பக்கம் நான் எழுத வேண்டும்.

"முதல் வசனம் மட்டும் எனக்கு ஏற்கெனவே தெரியும். 'முதல் தமிழ்க் குடும்பம் இந்த நாளில் குடிவந்தது.' தேதியை மட்டும் நிரப்புங்கள்" என்றார். "வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது."

எனக்கு அது மிகச் சுலபமான வேலையாகத் தெரிந்தது. ஏனென்றால் அந்த முதல் குடும்பம் நாங்கள். கல்யாண வீட்டிலோ பிறந்தநாள் விழாவிலோ மைக் பிடிக்கிறவர், "மோர்டென்ஸ்ருட்டின்ரை முதல் தமிழர்" என்று சொல்லித்தான் என்னை மேடைக்குக் கூப்பிடுவார். பாடசாலைப் பிள்ளைகள் என்னைப் பேட்டி எடுத்திருக்கிறார்கள். சம்பளம் இல்லாத சிறிய உத்தியோகம் அது. எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

அந்த முதல் நாளை நான் சொல்ல வேண்டும்.

ரயில் வருவதற்கு நான்கு வருடம் முந்திய கோடையில் ஒரு வரிசை வீட்டை வாங்கினோம். விற்றவர் தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வுபெற்ற நோர்வேஜியப் பெண்மணி. நோர்வேயின் மேற்குக் கடலோரத்தில் இருக்கும் தங்கையோடு போய் இருக்கப் போகிறார். ஆனால் அங்கே மேல்மாடி வேலை முடியவில்லை. ஆகவே டிசம்பர் நடுவில்தான் வீட்டுத் திறப்பைத் தருவேன் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார். டிசம்பர் நடு என்றால் மார்கழி. மார்கழியில் எங்கள் ஆட்கள் புதுவீடு புகமாட்டார்கள். தை வரைக்கும் காத்திருக்கலாம் என்றால், நாங்கள் நகரத்துக்குள் இருந்த இரண்டறை வீட்டை டிசம்பரோடு விட வேண்டும்.

கொழும்பிலிருந்த மனைவியின் பெரியப்பா தொலைபேசியில் தீர்வு சொன்னார். "ஆவணி முடிய முன்னம் போய்ப் பாலைக் காய்ச்சுங்கோ. பால் பொங்கினா வீடு உங்கடை. பிறகு மார்கழியிலை போனா அது வீட்டுக்குத் திரும்பிப் போறது. புகுறதில்லை." எந்தச் சட்டத்தரணியும் இவ்வளவு சுத்தமான ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கமாட்டார்.

பிரச்சினை என்னவென்றால், வீட்டுக்குள் ஆள் இருந்தது. நான் அந்தப் பெண்மணிக்குத் தொலைபேசி எடுத்து, செப்டெம்பரில் ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்கு உங்கள் குசினியில் வந்து பால் காய்ச்சலாமா என்று என் அரைகுறை நோர்வேஜிய மொழியில் கேட்டேன்.

"எவ்வளவு பால்?" என்று கேட்டார்.

"அரை லீற்றர்."

"வாருங்கள்."

முதல் பஸ்ஸில் போனோம். அவர் நீலக் கம்பளி மேலங்கியோடு கதவைத் திறந்தார். அவருடைய கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிள்ளையார் படத்தை வைத்தோம். புதுப் பானையின் கழுத்தில் மஞ்சள் துண்டு கட்டியிருந்தது. நல்ல நேரம் ஆறு பத்திலிருந்து ஆறு ஐம்பது வரைக்கும். அவருடைய அடுப்பு பழைய இரும்புத் தட்டு மின்அடுப்பு. ஆறு இருபது ஆகியும் பாலில் ஒரு குமிழி இல்லை. மனைவி என்னைப் பார்த்தாள், நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், அந்தப் பெண்மணி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தட்டின் குமிழை ஆறாம் இலக்கத்துக்குத் திருப்பிவிட்டார்.

பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. பால் எழும்பியது. ஐம்பது வருடமாகப் பாலைப் பொங்கவிடாமல் காப்பாற்றிப் பழகிய அந்தக் கைகள் பானையைத் தூக்கப் பாய்ந்தன. மனைவி பானையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பெண்களும் மிகுந்த மரியாதையோடு ஒரு பானைக்கு இழுபட்டார்கள். "விடுங்கள், வழிய வேண்டும், வழிய வேண்டும்" என்று நான் சொன்னேன். அவர் விட்டார். பால் வழிந்து தட்டில் கருகிப் புகைத்தது. மேலே புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. அவர் கதிரையில் ஏறித் தும்புத்தடியால் அதை அமத்தினார்.

"முடிந்ததா?" என்று கதிரையில் நின்றபடி கேட்டார்.

"முடிந்தது."

"நல்லபடியாகவா?"

"மிக நல்லபடியாக. கிழக்குப் பக்கம் வழிந்திருக்கிறது."

அவர் கிழக்கைப் பார்த்தார். அங்கே குளிர்சாதனப் பெட்டி நின்றது. அவருடைய கோப்பைகளிலேயே ஆளுக்குக் கொஞ்சம் பால் குடித்தோம். அடுப்பைத் துடைக்க எங்களை அவர் விடவில்லை. அன்று கொப்பியில் எழுதினேன்: "புதன், காலை 6.31. பால் பொங்கியது. குடிபுகுந்தோம்."

தலைவிக்குக் கொடுக்க நான் எடுத்து வைத்திருந்த நாள் இதுதான். ஆனாலும் ஒரு தேதியை ஒரே சாட்சியில் விடுவது என் வழக்கம் இல்லை. சங்கத்தின் பழைய கோப்புகள் சலவை அறைக்குப் பக்கத்து அறையில் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை மாலை திறப்பை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

நோர்வேயில் "டுக்னாட்" என்று ஒரு வழக்கம் உண்டு. வருடத்தில் இருதரம், இலைதளிர் காலத்திலும் இலையுதிர் காலத்திலும், குடியிருப்பவர்கள் எல்லோரும் ஒரு சனிக்கிழமை வெளியில் இறங்கி வளவைத் துப்புரவு செய்வார்கள். முடிவில் சொசேஜ் சுடுவார்கள். வந்தவர்கள் ஒரு தாளில் வீட்டு இலக்கத்தையும் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் சங்கத்தில் யாரோ ஒரு பழைய செயலாளர் அந்தத் தாள்களை ஒன்றுவிடாமல் கோத்து வைத்திருந்தார். அவரை நான் சந்தித்ததில்லை. ஆனால் அன்று மாலை அவர்மேல் பெரும் அன்பு வந்தது.

நாங்கள் பால் காய்ச்சிய வருடத்து ஒக்டோபர்த் தாளை எடுத்தேன். எங்கள் வீட்டு இலக்கத்துக்கு நேரே தபால் கந்தோர்ப் பெண்மணியின் கையெழுத்து. செய்த வேலை: ரோசாச்செடி கத்தரித்தல். அதற்கு இரண்டு வரி கீழே, நீல மையில், ஒரு தமிழ்ப் பெயர். செய்த வேலை: இலை வாருதல்.

அந்தப் பெயர் என் நண்பருடையது. மன்னாரைச் சேர்ந்தவர், கத்தோலிக்கர், பஸ் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர். எங்களுக்குப் பின்வரிசையில் இருக்கிறார். டிசம்பரில் நாங்கள் சாமான்களோடு வந்து இறங்கியபோது அவர்கள் அங்கே இருந்தது எனக்கு நினைவில் இருந்தது. ஆனால் என் கணக்கில் நாங்கள் செப்டெம்பர், அவர்கள் அதற்குப் பிறகு. முப்பது வருடத்தில் ஒருநாளும் அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

தலைவி கோப்பியோடு வந்து என் தோளுக்கு மேலால் தாளைப் பார்த்தார்.

"நீங்கள் குடிவந்தது எப்போது?"

"செப்டெம்பரில்."

"ஒக்டோபரில் இந்த அம்மா உங்கள் வீட்டில் ரோசாச்செடி வெட்டியிருக்கிறாரே."

நான் பாலைப் பற்றிச் சொன்னேன். அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

"என் மைத்துனரின் மலைக்குடிலில் நான் பலமுறை வாஃபிள் சுட்டிருக்கிறேன்" என்றார் பிறகு. "அந்தக் குடில் என்னுடையதாகிவிடுமா?"

"மா பொங்கி வழிந்ததா?"

"வழிந்தது. எப்போதும் வழியும்."

"அப்படியென்றால் உங்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது."

அவர் சிரித்தார். ஆனால் தாதிமார் சிரித்துக்கொண்டே ஊசியைப் போடுகிறவர்கள். "உங்கள் இரு குடும்பமும் பேசி முடிவெடுங்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது. எனக்கு ஒரு முதல் குடும்பம் போதும். இரண்டு வேண்டாம்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் தாளின் படத்தைக் காட்டினேன்.

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு" என்றாள் அவள், வெங்காயம் வெட்டிக்கொண்டு. "பால் காய்ச்சினது நாங்கள்."

"இருந்தது அவை."

"இருக்கிறது வேறை, குடிபுகுறது வேறை. வாடகைக்கு இருக்கிறவனும் இருக்கிறான்."

"அந்த மனிசி எங்கடை வீட்டிலை ரோசா வெட்டியிருக்கு."

"எங்கடை ரோசாவைத்தானே வெட்டினவ. நல்லதுதானே." கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு எழுத விருப்பமில்லையெண்டா எழுதாதேங்கோ. என்னை ஏன் கேக்கிறியள்."

அவள் சொன்னது நியாயம். நான் எழுத விரும்பினேன். பால் காய்ச்சிய நாளையே எழுத விரும்பினேன். அதற்கு நண்பரிடம் ஒரு வாய்ச் சம்மதம் வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்தேன். அவர் எதற்கும் சம்மதிக்கும் மனிதர். அதோடு, அவர்கள் மாத முடிவில் இங்கிருந்து போகிறார்கள். மகளுக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று லில்லெஸ்ட்ரோமில் வீடு எடுத்திருந்தார்கள். போகிறவர்களுக்கு யார் முதல் என்பது பெரிய விடயமாக இருக்காது. இப்படியெல்லாம் எனக்கு வசதியாக யோசித்துக்கொண்டு புதன்கிழமை பின்னேரம் அவர்கள் வீட்டு மணியை அடித்தேன்.

உள்ளே பெட்டிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை மட்டும் இருந்தது. நண்பர் என்னை "பாத்திரம்" என்று எழுதிய பெட்டியில் இருத்தினார். தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"என்ரை கையெழுத்து அப்ப வடிவா இருந்திருக்கு ஐசே" என்றார்.

"நீங்கள் எப்ப வந்தனீங்கள்?"

"உதுக்கு முதல்நாள். வெள்ளிக்கிழமை. வந்து கட்டிலைப் பூட்ட முன்னம் பக்கத்து வீட்டு மனிசன் வாருகோலைத் தந்திட்டார். நான் நினைச்சன் நோர்வேயிலை வீடு வாங்கினா மறுநாள் இலை வார வேணுமெண்டு சட்டம் எண்டு."

நான் விடயத்தைச் சொன்னேன். இரண்டு பக்கம், ஒரு முதல் குடும்பம், பால், செப்டெம்பர்.

"அதுக்கென்ன. உங்கடை பேரைப் போடுங்கோ" என்றார் அவர், நான் எதிர்பார்த்தபடியே. "நீங்கள் மைக் பிடிக்கிற ஆள். நான் ஒரு மூலையிலை இருந்து வடை தின்னுற ஆள்."

குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி வந்தார். முதியோர் இல்லத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலைசெய்தவர். எங்கள் பெண்களில் நோர்வேஜிய மொழியை நோர்வேஜியரைப் போலவே கதைப்பவர் அவர் ஒருவர்தான். கையில் சுற்றிக்கொண்டிருந்த பத்திரிகைத் தாளும் ஒரு கோப்பையும்.

"அண்ணை, அந்தப் பால் கதையைத் திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ."

"உங்களுக்குத் தெரிஞ்சதுதானே."

"தெரியும். உங்களைக் காண முன்னமே தெரியும்." கோப்பையைப் பெட்டிக்குள் வைத்தார். "நாங்கள் இந்த வீட்டைப் பாக்க வரேக்கை எனக்கு விருப்பமில்லை. காடு. பஸ் அரை மணித்தியாலத்துக்கு ஒண்டு. இவருக்குச் சொல்லிப்போட்டன், ஒரு தமிழ்ச் சனம் இல்லாத இடத்திலை நான் இருக்கமாட்டன் எண்டு. வெளியிலை வந்து நிக்கிறம். முன்வரிசையிலை ஒரு வெள்ளைக்கார மனிசி பூமரத்துக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிக்கிறா. எங்களைக் கண்டிட்டு ஓடி வந்தா. இவருக்குத்தான் அப்ப பாசை கொஞ்சம் விளங்கும். என்ன சொல்லுறா எண்டு கேட்டன்."

"என்ன சொன்னவ?"

"ஒரு தமிழ்க் குடும்பம் என்ரை அடுப்பிலை பால் பொங்கவிட்டது எண்டு சொன்னவ." அவர் என்னை நேரே பார்த்தார். "நான் என்னெண்டு விளங்கிறது? பால் பொங்கிட்டுதெண்டா ஆக்கள் வந்திட்டினம் எண்டுதானே. நாங்கள் வேதக்காரரெண்டாலும் பாதர் வந்து மந்திரிச்ச பிறகு பால் காய்ச்சிப்போட்டுத்தான் இருப்பம். அந்த இடத்திலையே இவருக்குச் சொன்னன், சரி, எடுங்கோ வீட்டை எண்டு."

அவர் ஒரு பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"வந்த கிழமை ஒரு தட்டிலை பயத்தம்பணியாரம் போட்டுக்கொண்டு போய் உங்கடை கதவைத் தட்டினன். அந்த மனிசி திறந்தா. தமிழ் ஆக்கள் எங்கை எண்டு கையாலை காட்டிக் கேட்டன். வருவினம் எண்டா. அடுத்த கிழமையும் போனன். வருவினம். இவர் விடிய நாலு மணிக்கு பஸ் ஓடப் போயிடுவார். பேந்து கதைக்க ஆர் இருக்கினம்? மோள் தொட்டிலிலை. நான் அந்த மனிசியோடைதான் இருந்தனான். அவவின்ரை குசினியிலை இருந்துதான் இந்தப் பாசை படிச்சது."

"ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"எல்லாத்தையும் கொப்பியிலை எழுதுற மனிசன், ஒருநாளைக்குத் தானாக் கண்டுபிடிப்பார் எண்டு இருந்தனான்." பத்திரிகைத் தாளை விரித்து அடுத்த கோப்பையை எடுத்தார். "முப்பது வரியம் எடுத்திட்டியள்."

நண்பர் பெட்டி ஒட்டும் நாடாவின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் அதை வெகுநேரம் தேடினார்.

அந்த மார்கழியில் நாங்கள் வந்து இறங்கியது எனக்கு இப்போது வேறுமாதிரி ஞாபகம் வந்தது. சாமான் ஏற்றிவந்த வானின் கதவு திறந்தபோது பனிக்குள் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். "வந்திட்டியளோ" என்று கேட்டாள். முன்பின் தெரியாத ஒருத்தி ஏன் இப்படிக் கேட்கிறாள் என்று கூட நான் யோசிக்கவில்லை. மன்னாரில் இப்படித்தான் வரவேற்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, மெத்தையின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னேன்.

"நான் எழுதிக்கொண்டு வந்து வாசிச்சுக் காட்டுறன்" என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

வியாழக்கிழமை காலையில் எழுதி முடித்தேன். மோர்டெனின் கோடரி, வெடி, பஸ், ரயில், பாறை, சறுக்குக் கட்டை எல்லாம் வந்தன. பால் காய்ச்சிய கதையும் ஒரு முழுப் பந்தி வந்தது. அதை எழுதும்போதுதான் கை நன்றாக ஓடியது. முதல் வசனத்தில் மன்னார்க் குடும்பத்தைப் போட்டேன். அதற்கடுத்து, "ஏறக்குறைய இரண்டு மாதம் அவர்கள் இங்கே தனியாக இருந்தார்கள்" என்று எழுதினேன்.

பின்னேரம் கொண்டுபோய் வாசித்தேன். பெட்டிகள் இன்னும் உயர்ந்திருந்தன. நண்பர் பால் பந்தியில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவருடைய மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏறக்குறைய எண்டு போடாதேங்கோ" என்றார்.

"அப்ப?"

"ஐம்பத்தெட்டு நாள்."

நான் கொப்பியைத் திறந்தேன். அவர்கள் வந்தது டுக்னாட்டுக்கு முதல்நாள் வெள்ளி. நாங்கள் வந்தது டிசம்பரில் ஒரு சனி. எட்டுக் கிழமையும் ஒரு நாளும். விரலால் எண்ணிப் பார்த்தேன்.

"ஐம்பத்தேழு வருது தங்கச்சி."

"வந்த நாளையும் சேருங்கோ. அண்டைக்கும் நான் இஞ்சைதான் இருந்தனான்."

சேர்த்தேன். ஐம்பத்தெட்டு.

வெள்ளி காலை எட்டரைக்குத் தலைவி தொலைபேசி எடுத்தார். எழுதியது நன்றாக இருக்கிறது, ஆனால் பக்கத்துக்கு மேல் ஒன்பது வரி போய்விட்டது. "ஒரு சின்ன யோசனை" என்றார். "அந்த ஐம்பத்தெட்டு நாள் விவரத்தை எடுத்துவிட்டு, 'ஒக்டோபரில் வந்தது' என்று மட்டும் விடலாமா? மிச்ச வரிகளை அங்கும் இங்கும் பார்ப்போம். பால் கதை மட்டும் இருக்க வேண்டும். அதை வாசித்து எங்கள் செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார்."

அந்தப் பால் பந்தி சரியாக ஒன்பது வரி. நான் அதை முதலிலேயே எண்ணியிருந்தேன்.

"பாலை எடுங்கள்" என்றேன்.

"நிச்சயமாகவா? அது உங்களுடைய கதை."

"அதனால்தான். ஐம்பத்தெட்டு இருக்கட்டும்."

புத்தகம் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை வீடு வீடாக வந்தது. மனைவி குசினி மேசையில் வைத்து எங்கள் இரண்டு பக்கத்தையும் ஒருமுறை வாசித்தாள். பிறகு முன்னும் பின்னும் தட்டிப் பார்த்தாள்.

"பால் எங்கை?"

"இடம் காணேல்லை."

அவள் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். நோர்வேஜிய மொழியில் இருந்ததை வாய்க்குள் தமிழாக்கி மெதுவாகச் சொன்னாள். "முதல் தமிழ்க் குடும்பம் ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டாவது குடும்பம் வரும்வரை அவர்கள் ஐம்பத்தெட்டு நாள் தனியாக இருந்தார்கள்." நிமிர்ந்தாள். "இரண்டாவது ஆர், நாங்களோ?"

"ஓம்."

அவள் விரலை அந்த எண்ணில் வைத்தாள்.

"எத்தினை புத்தகம் தந்தவை?"

"மூண்டு."

"அப்ப ஒண்டை இப்பவே கொண்டுபோய் அவளின்ரை கையிலை குடுங்கோ. பெட்டிக்குள்ளை போட்டிடுவினம், பிறகு எடுபடாது. சாமான் ஏத்துற வான் பத்து மணிக்கு வருதாம்."

மணி ஒன்பது நாற்பத்திரண்டு. நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பின்வரிசைக்கு நடந்தேன்.